இல்லாத பந்தை எதற்குப் பிடிக்க வேண்டும்?

கேள்வி கேட்டிருப்பவருக்கு 38 வயது. மூன்று மாதமாகச் சனிக்கிழமை மாலைகளில் ஒரு நடிப்பு வகுப்புக்குப் போகிறார். வசனம் பேசவும், அழவும், கோபப்படவும் சொல்லித்தருவார்கள் என்று எதிர்பார்த்துச் சேர்ந்தவருக்கு அங்கே கிடைத்தவை வேறு. கையில் இல்லாத பந்தை எறிந்து பிடிக்கிறார்கள், எதிரில் நிற்பவரின் கண்ணாடிப் பிம்பமாக அசைகிறார்கள், பொருளே இல்லாத மொழியில் சண்டை போடுகிறார்கள். விளையாடும்வரை உற்சாகமாக இருக்கிறதாம். ஆசிரியர் 'சரி, நீங்கள் இருவரும் ஒரு காட்சி செய்யுங்கள்' என்று சொன்ன நொடியில் தலைக்குள் இருந்ததெல்லாம் துடைத்தெடுத்தது போல் ஆகிவிடுகிறதாம். தனக்குக் கற்பனை வறட்சியோ, வயது கடந்துவிட்டதோ என்று வருந்துகிறார். இந்த விளையாட்டுகள் உண்மையிலேயே நடிப்பைக் கற்றுத்தருகின்றனவா, வகுப்பு நேரத்தை நிரப்புகின்றனவா என்று கேட்கிறார்.

15 ஆண்டுகளாக நாடகப் பட்டறைகள் நடத்திவருகிறேன். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலரும் வந்துபோயிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேராவது இதே கவலையை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனவே முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குக் கற்பனை வறட்சி கிடையாது. விளையாடும்போது உங்கள் கவனம் பந்தின் மேல் இருக்கிறது. காட்சி என்றதும் அது உங்கள் மேலேயே திரும்பிவிடுகிறது. 'என்ன செய்யப் போகிறேன், நன்றாக இருக்குமா, சிரிப்பார்களா' என்று தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் மனத்தில் எதுவும் முளைக்காது. கவனத்தைத் தன்னிடமிருந்து எடுத்து வெளியே ஒரு பொருளின் மேலோ ஆளின் மேலோ வைக்கும் பழக்கத்தைத்தான் இந்த விளையாட்டுகள் உடம்பில் ஏற்றுகின்றன.

இதை நீங்களே உணர்ந்துபார்க்க ஒரு பயிற்சி இருக்கிறது. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மேடையில் வரிசையாக நிற்கவைக்க வேண்டும். மறுபாதி எதிரே உட்கார்ந்துகொள்ளும். 'நீங்கள் எங்களைப் பாருங்கள், நாங்கள் உங்களைப் பார்க்கிறோம்.' அவ்வளவுதான் கட்டளை. ஒரு நிமிடத்துக்குள் என்ன நடக்கும் என்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டு, வெளியே எடுத்து, பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இன்னொருவருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும். ஒரு பெண் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடியும் இறுக்கிச் சுற்றுவார். தோள்கள் காதை நோக்கி ஏறும், மூச்சு நெஞ்சின் மேல்பகுதியிலேயே நின்றுவிடும். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, 'எதிர்ச்சுவரில் காற்றோட்டத்துக்காக விட்டிருக்கும் துளைகள் மொத்தம் எத்தனை என்று எண்ணுங்கள்' என்பேன்.

எண்ணத் தொடங்கியதும் துப்பட்டா விரலிலிருந்து தானாகக் கழன்று விழும். தோள்கள் இறங்கும். சிலருடைய உதடு லேசாக அசையும். கணக்குத் தவறியவர் முகத்தைச் சுளித்து முதல் வரிசைக்குத் திரும்புவார். 'இயல்பாக நில்லுங்கள்' என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் இயல்பாக நிற்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம், எப்போது இவர்களைப் பார்க்கப் பிடித்தது என்று கேட்டால், எண்ணும்போதுதான் என்று சொல்வார்கள். அதற்கு முன்பு பார்க்கவே சங்கடமாக இருந்ததாம். சுவரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை மேடையில் சலிக்காமல் பார்க்க முடிகிறது என்பதை முதல்முறை கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றுவரை தீரவில்லை.

இந்தப் பயிற்சியை உருவாக்கியவர் வயோலா ஸ்போலின். 1906இல் சிகாகோவில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக மையம் அங்கே இருந்தது. அதில் நீவா பாய்ட் என்பவர் குழந்தைகளின் மரபு விளையாட்டுகளை வைத்தே கூடி வாழ்வதைக் கற்பித்துவந்தார். 1920களில் அவரிடம் பயின்ற ஸ்போலின், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு தொடங்கிய வேலைத் திட்டத்தின் கீழ் 1939 வாக்கில் சிகாகோவில் நாடக மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். அவர் முன் வந்து நின்றவர்கள் பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பெரியவர்களும். வீட்டில் ஆளுக்கொரு மொழி, நாடகப் பழக்கமோ கிடையாது. அவர்களிடம் நடிப்புக் கோட்பாட்டை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? மேடையில் ஒரு சிக்கல் வரும்போதெல்லாம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, அந்தச் சிக்கல் தானாக அவிழும்படி ஒரு விளையாட்டைக் கட்டினார். இன்று உங்கள் ஆசிரியர் சனிக்கிழமைதோறும் ஆடவைப்பவற்றில் பெரும்பகுதி அப்படிப் பிறந்தவைதான். அவருடைய மகன் பால் சில்ஸ், டேவிட் ஷெப்பர்டுடன் சேர்ந்து 1955இல் சிகாகோவில், எழுதிவைக்காமல் மேடையிலேயே காட்சிகளை உருவாக்கும் காம்பஸ் பிளேயர்ஸ் குழுவைத் தொடங்கினார். 1959 டிசம்பரில் நண்பர்களோடு செகண்ட் சிட்டி அரங்கைத் திறந்தார். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களில் எத்தனையோ பேர் அங்கே தேறி வந்தவர்கள். ஸ்போலின் தன் பயிற்சிகளை 1963இல் நூலாக்கினார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, எல்லாவற்றுக்கும் அடியில் தெரு விளையாட்டு இருக்கிறது என்பது. 'கொலைகொலையா முந்திரிக்கா' ஆடிய ஞாபகம் உங்களுக்கு இருக்கும். வட்டமாக உட்கார்ந்திருப்பீர்கள், துணி எவர் முதுகுக்குப் பின்னால் விழும் என்று தெரியாது. அந்த நேரத்தில் 'நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன், என் முகம் எப்படி இருக்கிறது' என்று யோசித்தீர்களா? முதுகே காதாக மாறியிருக்கும். துணி விழுந்தது தெரிந்ததும் உடம்பு எழுந்து ஓடியது. எழலாமா என்று மனத்தைக் கேட்கவில்லை. அந்த விழிப்போடு ஒருவர் மேடையில் நின்றால் போதும். நடிப்புப் பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் தேடுவது அதைத்தான்.

இப்போது உங்கள் பந்துக்கு வருவோம். இல்லாத பந்தை எறியும்போது பெரும்பாலோர் பந்து எறிவது போல் பாவனை செய்வார்கள். கை வேகமாகச் சுழலும், ஆனால் கண் பந்தோடு போகாது. பிடிப்பவரும் பந்து வந்து சேர வேண்டிய நேரத்துக்கு முன்பே கையை மூடிவிடுவார். அப்போது ஆசிரியர் ஓரத்திலிருந்து 'பந்தைப் பாருங்கள், எவ்வளவு கனம், எங்கே இருக்கிறது பாருங்கள்' என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாரே, அதற்கு ஸ்போலின் மரபில் சைட்-கோச்சிங் என்று பெயர். ஆட்டத்தை நிறுத்தாமல், திட்டாமல், பாராட்டாமல், கவனத்தை மட்டும் மீண்டும் பந்தின் மேல் கொண்டுபோய் வைக்கும் குரல் அது. சில நிமிடங்களில் ஒரு மாற்றம் நடக்கும். எறிபவரின் கண் ஒரு வளைகோட்டில் நகரும். அந்தக் கோட்டிலேயே பதினைந்து பேரின் கண்களும் நகரும். பிடிப்பவரின் உள்ளங்கை கனத்தை வாங்கிக் கொஞ்சம் பின்வாங்கும். பந்து அங்கே வந்துவிடும். ஒருவர் தலைக்குள் இருந்த பந்து அல்ல, எல்லோருக்கும் நடுவில் இருக்கும் ஒரே பந்து. இல்லாத கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் ஆட்டமும் இதே வகைதான். இழுப்பவர்கள் இருவரும் ஜெயிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கயிறு ரப்பர் போல் நீளும், பார்ப்பவருக்குப் பொய் தெரிந்துவிடும். கயிற்றின் நீளம் மாறக் கூடாது என்பதில் இருவரும் கவனம் வைத்தால் ஒருவர் இழுபட்டே ஆக வேண்டும். அந்த நொடியில் நெற்றி நரம்பு புடைக்கும், செருப்பு தரையில் வழுக்கும்.

ஒரு காட்சியில் உங்கள் எதிரில் நிற்பவர் 'மாமா, மழையில் நனைந்துவிட்டீர்களே' என்று சொன்னால் அதுவும் ஒரு பந்து. நீங்கள் இப்போது மாமா, வெளியே மழை, உடம்பெல்லாம் ஈரம். இதைப் பிடிக்கத் தெரிந்தால் காட்சியின் பாதி வேலை முடிந்துவிட்டது. சட்டையைப் பிழியலாம், கண்ணாடியைத் துடைக்கலாம், 'குடையை உன் வீட்டில்தான் மறந்துவிட்டேன்' என்று சொல்லலாம். ஆனால் தலைக்குள் வேறு ஏதோ சிறப்பான யோசனை வைத்திருப்பவர் 'நான் உன் மாமா இல்லை, போலீஸ்' என்பார். சபை ஒருமுறை சிரிக்கும். எதிரில் நின்றவர் பாடுபட்டுக் கட்டிய வீடு இடிந்துவிடும். அவருக்கு அடுத்த பந்தை எறியக் கை வராது.

இங்கிலாந்தின் கீத் ஜான்ஸ்டன் (1933–2023) இதை வைத்தே ஒரு பெரும் கல்வி முறையைக் கட்டினார். 1950களில் லண்டன் பேட்டர்சீயில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு ராயல் கோர்ட் நாடக அரங்கில் சேர்ந்து நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வகுப்பெடுத்தார். பின்னாளில் கனடாவின் கால்கரிக்குப் போய் 1977இல் லூஸ் மூஸ் நாடகக் குழுவைத் தொடங்கினார். புதுமையாக எதையாவது சொல்ல வேண்டும் என்று முயல்வதுதான் மனத்தைப் பூட்டுகிறது, கண்ணெதிரே இருக்கும் சாதாரண விஷயத்தைச் சொல்லுங்கள் என்பது அவருடைய போதனையின் மையம். ஒவ்வொருவருக்கும் சாதாரணமாகத் தோன்றுவது ஒவ்வொன்று. அதைச் சொன்னாலே அவரவர் தனித்தன்மை வெளியே வந்துவிடும் என்றார். என் அனுபவத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை.

அவர் பரப்பிய ஆட்டங்களில் ஆளுக்கொரு சொல்லாகக் கதை சொல்வது ஒன்று. ஆங்கிலத்தில் பிறந்த இந்த ஆட்டத்தைத் தமிழில் ஆடும்போது அதன் குணமே மாறுகிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் இடையிடையே வரும் சின்னச் சின்னச் சொற்களில் எதையும் முடிவு செய்யாமல் ஒருவர் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் அந்த இளைப்பாறல் குறைவு. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வருகிறது. 'வாசல்' என்று சொல்லி நிறுத்த முடியாது. வாசலில் என்றோ, வாசலை என்றோ, வாசலுக்கு என்றோ சொன்னவரே திசையைத் தீர்மானித்துவிடுகிறார். வினைமுற்று கடைசியில் வருவதால், முதலில் சொன்னவர் மனத்தில் நினைத்த செயலைச் செய்து முடிப்பவர் வேறொருவர். விட்டுக்கொடுக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல மொழி அமையாது.

ஒருமுறை ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடினார்கள். 'ஒரு' என்றார் முதலாமவர். 'கிழவி', 'வாசலில்', 'உட்கார்ந்து', 'தன்' என்று போனது. 'தன்' என்று சொன்ன பெண் 'பேரனை' வரும் என்று எதிர்பார்த்திருந்தாராம். முதலாமவரிடம் திரும்பி வந்தபோது அவர் 'மூக்குத்தியை' என்றார். அடுத்த பையனின் முகத்தைப் பார்த்தேன். பெரிதாக ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று கண் மேலே போனது. 'இருப்பதிலேயே சாதாரணமான சொல்லைச் சொல்' என்று ஓரத்திலிருந்து சொன்னேன். 'தேடினாள்' என்றான். அடுத்த வாக்கியம் யாருடைய திட்டமும் இல்லாமல் வந்து நின்றது: 'அது' 'அவள்' 'மூக்கிலேயே' 'இருந்தது.' அறை முழுவதும் கைதட்டியது. அந்தக் கதையை யோசித்தவர் என்று அந்த ஐவரில் ஒருவரையும் காட்ட முடியாது.

தமிழில் ஆடுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பும் சொல்லிவிடுகிறேன். எழுந்து, போய், கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் வாக்கியம் முடியவே முடியாது. முடிவெடுக்கப் பயப்படும் குழு இந்த வழியில்தான் ஒளிந்துகொள்ளும். இரண்டு வினையெச்சத்துக்கு மேல் கூடாது, மூன்றாவது வினைமுற்றாக இருக்க வேண்டும் என்று விதி வைத்த பிறகு என் வகுப்புகளில் கதைகள் நடக்கத் தொடங்கின.

ஜான்ஸ்டன் கண்டெடுத்த இன்னொரு கருவி ஸ்டேட்டஸ். சமூக அந்தஸ்து என்று இதை மொழிபெயர்த்தால் பாதிதான் கிடைக்கும். பணக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சமையல்காரர் முன் கூனிக் குறுகி நிற்கலாம். யார் யாருக்குக் கீழே நிற்கிறார், யார் யாரை மேலே ஏற்றுகிறார் என்ற, நொடிக்கு நொடி மாறும் ஏற்ற இறக்கம் அது. எதிரில் இருப்பவரைவிட ஒரு படி மட்டும் மேலே இருங்கள், அல்லது ஒரு படி மட்டும் கீழே இருங்கள் என்று அவர் சொன்னதும், செத்துக் கிடந்த காட்சிகள் உயிர்பெற்றன. தலையை அசைக்காமல் பேசுங்கள், உங்கள் குரலில் ஓர் அதிகாரம் ஏறும். பேசும்போது முகத்தையும் முடியையும் தொட்டுக்கொண்டே இருங்கள், அது இறங்கிவிடும். வீட்டில் கண்ணாடி முன்னால் இன்றிரவே செய்துபார்க்கலாம்.

தமிழ் நடிகருக்கு இந்த ஆட்டத்தில் கூடுதலாக ஒரு சொத்து இருக்கிறது: நீ, நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நம் மொழியில் ஏற்ற இறக்கம் வாக்கியத்தின் வாலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு வகுப்பில் வீட்டுக்காரர், வாடகை பாக்கி வைத்த முதியவர் என்று ஒரு காட்சி கொடுத்திருந்தேன். வீட்டுக்காரராக நடித்தவர் நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, 'இந்த மாதமும் கதை சொல்லாதே' என்று தொடங்கினார். முதியவர் பதிலே பேசாமல் அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, 'நீ மூன்றாம் பெஞ்சில்தானே உட்காருவாய்?' என்றார். நாற்காலியில் இருந்தவரின் கால் முதலில் இறங்கியது. அடுத்து முதுகு நிமிர்ந்தது. 'சார்' என்று அவர் வாயிலிருந்து சொல் வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டார். காட்சி முடிந்து கேட்டபோது, தான் எழுந்ததே தனக்குத் தெரியாது என்றார். எழுதி வைத்து, பத்து நாள் ஒத்திகை பார்த்திருந்தால் அந்தக் கால் இறங்கிய விதம் கிடைத்திருக்குமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஜிப்ரிஷ் என்று உங்கள் வகுப்பில் சொல்லும் பொருளற்ற மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வழியை அது அடைத்துவிடுகிறது. கேட்பவர் உங்கள் உடம்பைப் படித்துத்தான் புரிந்துகொள்ள முடியும். மனப்பாடமான வசனம் உயிரில்லாமல் வரும்போதும் இது கைகொடுக்கும். அதே காட்சியை ஒருமுறை ஜிப்ரிஷில் ஆடிவிட்டு உடனே வசனத்துக்குத் திரும்புங்கள், வித்தியாசம் தெரியும்.

'திட்டமில்லாமல் ஆடுவதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்' என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. தமிழ் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் நடக்கும் அந்த நாடகத்துக்கு ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியக்காரர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்கிறார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் அன்றிரவு சேர்ந்து 'வள்ளி திருமணம்' நடத்துகிறார்கள். வள்ளியும் நாரதரும் மோதும் தர்க்கம் எவ்வளவு நேரம் போகும், எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்த மேடையில்தான் முடிவாகிறது. தெருக்கூத்தின் கட்டியங்காரன் அன்று காலை ஊரில் நடந்ததைக்கூட மகாபாரதத்துக்குள் இழுத்துக்கொண்டு வருவார். கர்நாடக சங்கீதத்தில், பாடும்போதே கற்பனையாக விரித்துப் பாடும் இதற்கு மனோதர்மம் என்று அழகான பெயரே உண்டு. ராகமும் தாளமும் கட்டுப்படுத்துவதால்தான் அங்கே கற்பனை ஸ்வரம் பாய்கிறது. கயிற்றின் நீளம் மாறக் கூடாது என்ற விதியும் அப்படிப்பட்ட ஒரு தாளம்தான். நவீன நாடகக் குழுக்களுக்கும் இந்த விளையாட்டுப் பயிற்சி புதிதல்ல. வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் நடத்திய பட்டறை தமிழ் நாடகக்காரர்கள் பலரின் உடம்பையும் எண்ணத்தையும் திறந்துவிட்டது.

உங்கள் வகுப்பு நல்ல வகுப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். 'நன்றாக இருந்தது, இன்னும் காமெடி வேண்டும்' என்று மதிப்பெண் போடுகிறாரா, 'கயிறு நீண்டதா, பந்து தெரிந்ததா, இருவரும் ஒருவரையொருவர் கேட்டார்களா' என்று பார்த்தவர்களைக் கேட்கிறாரா? ஸ்போலின் பாராட்டையும் குறையையும் ஒரே தட்டில் வைத்தார். இரண்டுமே கற்பவரின் கண்ணைப் பந்திலிருந்து பிடுங்கி ஆசிரியரின் முகத்துக்குக் கொண்டுபோய்விடும். நான் இதைக் கடைப்பிடிக்கச் சில ஆண்டுகள் ஆயின. 'பிரமாதம்' என்று சொல்லிச் சொல்லியே நல்ல கூச்ச சுபாவமுள்ள ஒரு மாணவியை என் முகம் பார்த்து நடிப்பவராக்கிவிட்டேன், அதை மாற்ற அடுத்த ஆண்டு முழுவதும் தேவைப்பட்டது. விளையாட்டுகளை முதல் 15 நிமிடம் உடம்பைத் தயார்ப்படுத்துவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு சம்பந்தமே இல்லாமல் காட்சிக்குத் தாவும் வகுப்புகளும் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் சிக்கலின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பந்திலிருந்து காட்சிக்குப் பாலம் போட யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வந்த பந்தைப் பிடிக்க வேண்டும் என்பது கதைக்குள் நடப்பதற்கு மட்டும்தான் பொருந்தும். உங்கள் உடம்புக்குப் பொருந்தாது. நான் மாணவனாகப் போன ஒரு பட்டறையில், அறிமுகமே இல்லாத ஆறு பேரின் கைகளில் கண்ணை மூடிப் பின்பக்கமாக விழச் சொன்னார்கள். உடன் வந்த தோழி தயங்கினார். தயங்குவதே நம்பிக்கைக் குறைவு என்று பயிற்றுநர் எல்லோர் முன்னாலும் சொன்னார். விழுந்தார், கைகள் பிந்தின, மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு அவர் நாடகத்தின் பக்கமே வரவில்லை. நல்ல நடிகை ஒருவரை நாம் இழந்தோம். தொடுதல், தூக்குதல், விழுதல் எதுவாக இருந்தாலும் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்க உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த உரிமையை முதல் நாளே சொல்லாத வகுப்பில் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

சரி, வரும் சனிக்கிழமை 'காட்சி செய்யுங்கள்' என்றால் என்ன செய்வது? பேசத் தொடங்காதீர்கள். உங்கள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். வெங்காயம் உரிப்பது, சைக்கிள் செயினை மாட்டுவது, துணி மடிப்பது என்று உங்கள் விரலுக்கு நன்றாகத் தெரிந்த வேலையாக இருக்கட்டும். பந்தைப் பார்த்தது போல அந்த வெங்காயத்தைப் பாருங்கள். தோல் எங்கே கிழிகிறது, எங்கே ஒட்டிக்கொள்கிறது? வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரை ஏறிட்டுப் பார்த்து, அவரிடம் நீங்கள் உண்மையில் காணும் ஒன்றைச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிறாரா? 'ஓடியா வந்தாய்?' என்று கேட்டால் போதும். அடுத்த பந்து அவரிடமிருந்து வரும். தலைக்குள் வெறுமை வந்தாலும் அஞ்ச வேண்டாம். வெங்காயம் கையில் இருக்கிறது, அதற்குத் திரும்புங்கள். வாரநாட்களில் ஒரு நண்பரோ வீட்டில் ஒருவரோ கிடைத்தால், மூன்று நிமிடம் கண்ணாடி ஆட்டம், ஐந்து நிமிடம் ஆளுக்கொரு சொல் கதை, இவ்விரண்டும் போதும். கண்ணாடி ஆட்டத்தில் யார் முன்னே போகிறார், யார் பின்தொடர்கிறார் என்று இருவருக்குமே தெரியாமல் போகும் ஒரு கட்டம் வரும். அதுவரை பொறுமையாக ஆடுங்கள்.

குரல், உச்சரிப்பு, எழுதிய வசனத்தைப் படித்து உள்வாங்குவது ஆகியவற்றுக்கு வேறு பயிற்சி வேண்டும். விளையாட்டு அவற்றைத் தராது. அவற்றை இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். என் வகுப்பில் 61 வயதில் ஒருவர் சேர்ந்தார், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் நான்கு வாரம் காட்சி என்றாலே கும்பிட்டு விலகிவிடுவார். ஐந்தாவது வாரம், கைக்குத் தெரிந்த வேலையைச் செய்யுங்கள் என்றதும், மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இல்லாத கடிதங்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கினார். கட்டை விரல் ஒவ்வொரு உறையையும் தள்ள, கண் முகவரியில் ஓட, வலது கை தெருவாரியாக வைத்துக்கொண்டே போனது. எதிரில் நடிக்க வந்த பெண் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வேறெதுவும் தோன்றாமல், 'எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா அண்ணா?' என்று கேட்டார். அவர் கட்டைப் புரட்டிக்கொண்டே போனார். ஓர் உறையில் கட்டை விரல் நின்றது. அதைப் படித்தார். பிறகு அதை எடுத்துக் கட்டின் அடியில் செருகிவிட்டு, நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, 'இல்லையம்மா, நாளைக்குப் பார்க்கலாம்' என்றார். அறையில் ஒருவரும் அசையவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று பிறகு எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். தனக்கும் தெரியாது, விரல் நின்றுவிட்டது என்றார்.